மாற்று எரிபொருள் வண்டிகளுக்கான அரசு மானியம்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்

பெட்ரோல், டீசல் தவிர்த்த எரிபொருளில் ஓடும் பேருந்துகளையும் துப்புரவு வண்டிகளையும் போக்குவரத்துக் கழகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் வாங்குவதற்கு அரசு தரும், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத நிதி மாற்று எரிபொருள் வண்டி மானியம் எனப்படும். கரிவாயு, தாவர எண்ணெய் டீசல், அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு, மின்கலம் ஆகியவை இந்தியாவில் வெவ்வேறு காலங்களில் மாற்று எரிபொருளாக முன்வைக்கப்பட்டவை. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை நகரும் அதற்குக் கிழக்கே திருச்சுழி வட்டமும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. பருத்தி, மிளகாய், மல்லி, சிறுதானியம் என மானாவாரிச் சாகுபடியே மிகுதி. இவ்வட்டாரத்தில் பொதுப் பணத்தில் ஓடும் வண்டிகள் இரு வகை. ஒன்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள், மற்றொன்று நகராட்சியும் ஊராட்சிகளும் வைத்திருக்கும் குப்பை வண்டிகள். மாற்று எரிபொருள் மானியம் இரண்டாவது வகைக்கு எட்டியது. முதல் வகைக்கான பெருந்திட்டங்கள் மக்கள்தொகையையே வாசற்படியாக வைத்ததால், அந்தப் படியை இவ்வட்டாரத்தால் ஏற முடியவில்லை.

தென் தமிழகத்தில் பெட்ரோல் இல்லாமல் பேருந்து ஓடியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். 1941இல் இந்தியாவில் பெட்ரோல் பங்கீடு வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. பேருந்து முதலாளிகள் கரிவாயுவுக்கு மாறினார்கள். 1912இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கி மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் ‘டிவிஎஸ் கேஸ் பிளாண்ட்’ என்ற கருவியை வடிவமைத்து விற்றது. வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியைக் கொட்டி, குறைந்த காற்றில் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, சாம்பல் நீங்க வடிகட்டி எஞ்சினுக்குள் விட வேண்டும். கிளீனர் கைப்பிடியைச் சுற்றி ஊதி, வாயு பிடிக்கும்வரை பயணிகள் காத்திருப்பார்கள். எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ குறைந்துபோகும் என்பதால் மேட்டில் வண்டி திணறும். மக்கள் இதைக் கரி பஸ் என்றார்கள். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த அரசுக் கருவி பங்கீட்டுச் சீட்டு. அதாவது நெருக்கடிதான் தொழில்நுட்பத்தைத் தள்ளியது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி பஸ்ஸும் மறைந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழில் பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்தபோது, அந்தக் கரிக்கு வண்டிகளில் வேலை இருக்கவில்லை.

1972இல் பேருந்துகள் அரசுடைமையாகத் தொடங்கியபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பின்னர் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனிக் கழகம் பிரிந்ததும், 1997இல் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்ததும் இவ்வட்டாரத்து வரலாற்றின் பகுதி. இன்று மதுரைக் கழகத்தின் விருதுநகர் மண்டலம் இங்குள்ள பேருந்துகளை இயக்குகிறது. இந்த அரை நூற்றாண்டில் அரசுப் பணம் கழகத்துக்கு வந்த வழிகள் கட்டணச் சலுகைக்கான ஈட்டுத்தொகை, டீசல் மானியம், கடன், பங்கு மூலதனம் ஆகியவை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் ஈட்டுத்தொகையின் பங்கு இன்னும் கூடியது. விடியல் பயணம் எனப் பெயரிடப்பட்ட அத்திட்டம் பஞ்சாலைக்கும் நூற்பாலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்களுக்குக் கொடுத்த விடுதலை பெரிது. ஆனால் அந்தப் பணம் நடப்புச் செலவை ஈடுகட்டுமே தவிர, புதுவகை வண்டி வாங்கும் முதலாகாது.

மானாவாரி நிலத்தை எரிபொருளோடு நேரடியாகப் பிணைத்த முதல் அரசு முயற்சி காட்டாமணக்கு. 2003இல் திட்டக்குழு வெளியிட்ட உயிரி எரிபொருள் அறிக்கை தரிசு நிலங்களில் காட்டாமணக்கு பயிரிடப் பரிந்துரைத்தது. 2009இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் டீசலில் 20 விழுக்காடு கலப்பு என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் நாற்றுக்கு மானியம், கூட்டுறவுக் கடன், நிறுவனங்களின் கொள்முதல் வாக்குறுதி எல்லாம் சேர்ந்து வந்தன. தண்ணீர் இல்லாமலே காய்க்கும் என்று சொல்லப்பட்ட செடி, தண்ணீர் இல்லாத இடத்தில் உயிரோடு நின்றது. விலைக்குப் போகும் அளவுக்குக் காய்க்கவில்லை. இந்த மானியத்தின் கோளாறு அமைப்பிலேயே இருந்தது. விதை விளைவிப்பவரின் தலையில் முழு ஆபத்தையும் வைத்துவிட்டு, அதன் எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொள்ளும் பேருந்துப் பணிமனை எதையும் அது உருவாக்கவில்லை.

நகரப் பேருந்து வாங்க மத்திய அரசு நேரடியாக மானியம் தரத் தொடங்கியது ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில். 2005 டிசம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் 2009இல் பேருந்துகளும் சேர்க்கப்பட்டன. 40 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு 35 விழுக்காடு, 10 முதல் 40 லட்சம் வரையுள்ளவற்றுக்கு 50 விழுக்காடு என மத்தியப் பங்கு வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்றும் பட்டியலில் இருந்தன. வாங்கியவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். எனினும் பேருந்துக்கு மானியம் நகரின் அளவைப் பொறுத்தது என்ற வழக்கம் இங்கே வேரூன்றியது.

எரிபொருளை மாற்றச் சொல்லும் அழுத்தம் தில்லியிலிருந்து வந்தது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லியின் நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. 2002 இறுதிக்குள் அது பெரும்பாலும் நிறைவேறியது. காற்று மாசு பெருநகரத்து நோயாகப் பார்க்கப்பட்டதால் மருந்தும் பெருநகரத்துக்கே எழுதப்பட்டது. வெளிநாட்டில் சீனத்தின் ஷென்ஜென் நகரம் அரசு மானியத்தின் பலத்தில் 2017 இறுதிக்குள் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்மயமாக்கி முன்னுதாரணமானது.

இந்தியாவில் மின் வண்டிக்கான மானியம் 2015 ஏப்ரல் 1 அன்று ‘ஃபேம்’ திட்டமாகத் தொடங்கியது. முதல் கட்டத்தில் பேருந்துக்குத் தேர்வான 11 நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் வந்த இரண்டாம் கட்டத்தில் மானியம் மின்கலத்தின் கொள்ளளவால் கணக்கிடப்பட்டது: பேருந்துக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 20,000 ரூபாய். 250 கிலோவாட் மணி மின்கலம் உள்ள வண்டிக்கு இது 50 லட்சம் ஆகும். 12 மீட்டர் பேருந்துக்கு 55 லட்சம், நடுத்தர வண்டிக்கு 45 லட்சம், சிறிய வண்டிக்கு 35 லட்சம் உச்சவரம்பு. கழகம் வண்டியைச் சொந்தமாக வாங்கினால் இந்தப் பணம் கிடைக்காது. தனியார் நிறுவனம் வண்டியையும் ஓட்டுநரையும் தந்து, ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் வாடகை கொடுக்கும் ஒப்பந்த முறைக்கே கிடைக்கும். பத்து லட்சத்தைத் தாண்டிய நகரங்கள், சீர்மிகு நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள் என்று தகுதி வரையறுக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் 64 நகரங்களுக்கு 5,595 பேருந்துகளுக்கு ஒப்புதல் வந்தது, தமிழ்நாட்டுக்கு 525. விருதுநகர் மாவட்டத்தில் பத்து லட்ச நகரமும் இல்லை, சீர்மிகு நகரமும் இல்லை.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற ‘பிரதமர் மின் பேருந்து சேவை’ நடுத்தர நகரங்களைக் குறிவைத்தது. மொத்த மதிப்பு 57,613 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 20,000 கோடி, இலக்கு 10,000 பேருந்துகள். இதிலும் தகுதிக்கோடு 2011 கணக்கெடுப்பின்படி 3 லட்சம் மக்கள்தொகை. அருப்புக்கோட்டையில் அப்போது 87,722 பேர். மாவட்டம் முழுவதிலும் 19 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தும் அவர்கள் பல சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் பரவியிருப்பதால் எந்த ஊரும் கோட்டைத் தொடவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ‘பிரதமர் இ-டிரைவ்’ திட்டமோ 14,028 பேருந்துகளுக்கான 4,391 கோடியை 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஒன்பது மாநகரங்களுக்கே ஒதுக்கியது. தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும். 2018இல் வளர முயலும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு தேர்ந்த பட்டியலில் விருதுநகர் இடம்பெற்றிருந்தது. பின்தங்கிய நிலையை அளந்த அந்தப் பட்டியலும் பேருந்து மானியத்தின் தகுதிப் பட்டியலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்பது இத்திட்டங்களின் பெரிய குறை.

மாநில அரசின் மின் வண்டிக் கொள்கை 2019 செப்டம்பரிலும், திருத்திய வடிவில் 2023 பிப்ரவரியிலும் வெளியானது. திருத்திய கொள்கை வந்தபோது திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தங்கம் தென்னரசுதான் தொழில்துறை அமைச்சர். 2030க்குள் அரசுப் பேருந்துகளில் 30 விழுக்காட்டை மின்மயமாக்குவது 2023 கொள்கையின் இலக்கு. முன்மாதிரி நகரங்களாகச் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி குறிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் மின் பேருந்துகளுக்குப் பணம் பெரும்பாலும் கடனாகவே வருகிறது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கியும், சென்னை நகரக் கூட்டாண்மைத் திட்டம் வழியாக உலக வங்கியும் நிதி தருகின்றன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 தாழ்தளப் பேருந்துகள் உலக வங்கித் திட்டத்தைச் சேர்ந்தவை. 2025 மார்ச்சில், நிதியமைச்சராக, தங்கம் தென்னரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை 1,125 மின் பேருந்துகளை அறிவித்தது. அவற்றில் 950 சென்னைக்கு. மீதி கோவைக்கும் மதுரைக்கும்.

இவ்வட்டாரம் மின்சாரத்துக்கு வறண்ட நாடு அல்ல. திருச்சுழிக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், கட்டப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகின் மிகப்பெரியது என்று பேசப்பட்டது. ஏறக்குறைய 2,500 ஏக்கரில் அது பரந்திருக்கிறது. சீமைக் கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் இப்பகுதியில் உண்டு. இயற்கை எரிவாயுவுக்கும் அதே கதை: ராமநாதபுரம் – தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மின் பேருந்துகள் வழக்கமாக இரவில் பணிமனையில் மின்னேற்றப்படுகின்றன; சூரிய மின்சாரமோ உச்சிப்பொழுதில் பெருகுகிறது. காலையில் பள்ளி, ஆலை நேரத்தோடு கூட்டம் வடிந்து மாலை வரை மந்தமாக ஓடும் கிராமத்து டவுன் பஸ், மதியம் இரண்டு மணிநேரம் நின்று மின்னேற்றிக்கொள்ளத் தோதானது. பெருநகர வழித்தடத்துக்கு இந்த வசதி குறைவு. தகுதி விதிகளில் எங்கும் இந்தக் கணக்கு இடம்பெறவில்லை.

சிறிய ஊராக இருப்பதே சாதகமான துறை திடக்கழிவு. 2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் திடக்கழிவுத் திட்டங்களுக்கு மத்தியப் பங்கு 35 விழுக்காடு வரை இருந்தது. 2021 அக்டோபரில் வந்த இரண்டாம் கட்டம் அதை மக்கள்தொகைக்கு எதிர்விகிதமாக்கியது: ஒரு லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்கு 50, பத்து லட்சம் வரை 33, அதற்கு மேல் 25 விழுக்காடு. அருப்புக்கோட்டை முதல் வரிசையில் வருகிறது. பதினைந்தாம் நிதிக்குழு பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குத் தந்த மானியத்திலும் 30 விழுக்காடு துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும் என்று கட்டப்பட்டது. இத்தகைய நிதிகளோடு மாநில நிதியும் உள்ளாட்சியின் பொதுநிதியும் சேர்ந்துதான் தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் பேட்டரி வண்டிகள் பரவின. தூய்மைப் பணியாளர் ஓட்டும் மூன்று சக்கர வண்டி, பின்புறம் மட்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மட்காததற்கு நீலத் தொட்டி, தெருமுனையில் ஒலிபெருக்கிப் பாட்டு. தள்ளுவண்டியை வெயிலில் இழுத்துக்கொண்டு போன பெண்களின் உடல் நோவை இது கணிசமாகக் குறைத்தது. ஒரு மின் வண்டியின் பயனாகப் புகைக் குறைவுக்கு முன்னால் எழுத வேண்டியது இதுவே.

இவ்வண்டிகளின் சிக்கல் மின்கலத்தில் தொடங்குகிறது. ஈய-அமில மின்கலம் தினசரி உழைப்பில் இரண்டு, மூன்று ஆண்டுகளே தாங்கும். காய்ச்சிய நீர் ஊற்றாமல் விட்டாலும், பாதி ஏறிய நிலையில் எடுத்து ஓட்டினாலும், கோடையில் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினாலும் இன்னும் சீக்கிரம் சாகும். மானியம் வண்டி வாங்கும் நாளோடு முடிகிறது. மாற்று மின்கலத்தை உள்ளாட்சி தன் பொதுநிதியில் வாங்க வேண்டும். வீட்டு வரி வருவாய் குறைந்த ஊராட்சியில் அந்தத் தொகை புரளாவிட்டால் வண்டி அலுவலகச் சுவரோரம் நின்றுவிடும், பணியாளர் மறுபடி தள்ளுவண்டிக்குப் போவார்.

வரிச் சலுகைகள் மட்டும் ஊரின் அளவைப் பார்ப்பதில்லை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின் வண்டிகளுக்கான சரக்கு சேவை வரி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது; 12 பேருக்கு மேல் ஏற்றும் மின் பேருந்தை உள்ளாட்சி அமைப்பு வாடகைக்கு எடுத்தால் அந்த வாடகைக்கு வரியே இல்லை. தமிழ்நாட்டில் மின் வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. முதல் இல்லாத நகராட்சிக்கும் போக்குவரத்து மண்டலத்துக்கும் தில்லியின் தகுதிப்பட்டியலுக்காகக் காத்திராமல் கிடைப்பவை இப்போதைக்கு இந்தச் சலுகைகளே.