ஆடும் பெரியம்மாக்களும் தூங்க முடியாத மாடிவீடுகளும்

1/ நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து படுக்கிறோம். கண்ணை மூடின அஞ்சாவது நிமிஷம் தெருவுல ஸ்பீக்கர் அலறுது. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்தான் இது.

இதே சண்டை சீனாவில் சட்டம் போடும் வரைக்கும் போச்சு. அந்தக் கதையைப் பார்ப்போம்.

2/ சீன நகரங்களில் பொழுது சாய்ந்ததும் பூங்காக்களிலும் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள திடல்களிலும் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். ஒரு ஸ்பீக்கர் போதும். இதற்குப் பெயர் "குவாங்சாங்வூ", அதாவது திடல் நடனம்.

ஆடுபவர்களை "தாமா" என்பார்கள். நேர்ப் பொருள், நம்ம "பெரியம்மா"!

3/ ஏன் இவ்வளவு பேர் ஆடுறாங்க?

1990களில் அரசு ஆலைகள் சீரமைக்கப்பட்டபோது கோடிக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு அப்போது ஓய்வு வயதே 50 ஆகத்தான் இருந்தது. ஆலையோடு சேர்ந்து அக்கம்பக்கமும் தோழமையும் போனது. இருக்கிறது ஒரே பிள்ளை, அதுவும் பலருக்கு வெளியூரில்.

4/ ஒரு டாக்டரா சொல்றேன். தினமும் ஒரு மணி நேரம் ஆட்டம், கூடவே நாலு தோழிகள். சர்க்கரை, பிரஷர், தனிமை மூணுக்கும் இதைவிட மலிவான மருந்து கிடையாது.

5/ ஆனா மாடியில இருக்கிறவங்க?

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஷிப்ட் முடிச்சு வந்தவர், நோயாளி. தூக்கமும் மருந்துதானே?

2013இல் பெய்ஜிங்கில் ஒருவர் ஆத்திரத்தில் துப்பாக்கியால் சுட்டு, ஆடியவர்கள் மேல் நாய்களை அவிழ்த்துவிட்டார். வூஹானில் மேலேயிருந்து மலத்தைக் கொட்டினார்கள். 2014இல் வென்சோ நகரக் குடியிருப்புவாசிகள் 2,60,000 யுவான் செலவழித்து ராட்சத ஸ்பீக்கர் வாங்கி, திடலைப் பார்த்து ஒலிச் சட்டத்தையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள்!

6/ சத்தம் ஏன் கூடிக்கிட்டே போகுது? இதுல மருத்துவமும் இருக்கு.

வயதாக ஆக காது மந்தமாகும். அதனால் ஆடுபவருக்கு அளவாகத் தெரிகிற சத்தம் இளம் காதுக்கு அதிகம். பக்கத்துக் குழுவின் பாட்டை அமுக்க இவர்கள் ஏற்ற, அவர்களும் ஏற்றுவார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. "தம் தம்" என்ற பேஸ் ஒலி மூடிய ஜன்னலையும் தாண்டி வரும்.

7/ அரசு என்ன செய்தது?

2015இல் நிபுணர்களை வைத்து 12 மாதிரி நடனங்களை அறிவித்தது. மக்கள் சிரித்தார்கள். பிரச்சினை ஆட்டத்தின் அடவில் இல்லையே!

2021 டிசம்பரில் புதிய ஒலி மாசுச் சட்டம் நிறைவேறி, 2022 ஜூன் 5இல் அமலுக்கு வந்தது. ஆட்டத்துக்குத் தடை இல்லை. எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு சத்தம் என்று திடலை நிர்வகிப்பவர் விதிப்பதை மதிக்க வேண்டும். மீறினால் முதலில் எடுத்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் எச்சரிக்கை, தனிநபருக்கு 200 முதல் 1,000 யுவான் வரை அபராதமும் போடலாம்.

8/ நம்ம நாட்டிலும் 2000ஆம் ஆண்டு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். குஜராத்தில் நவராத்திரி கர்பா ஆட்டம் இரவு 12 வரை நடப்பது இப்படித்தான்.

9/ ஆடுறவங்களும் எதிரி இல்ல, தூங்குறவங்களும் எதிரி இல்ல. பெரியம்மாவுக்கு ஆட்டம் வேணும், மாடிவீட்டுப் பிள்ளைக்குத் தூக்கம் வேணும். இடம், நேரம், அளவு மூணையும் பேசி முடிச்சா ரெண்டும் கிடைக்கும்.

ஸ்பீக்கரை வீடுகள் பக்கம் திருப்பாதீங்க. பேஸைக் குறைங்க. சத்தம் போதலைன்னு தோணிக்கிட்டே இருந்தா, வால்யூமைக் கூட்டுறதுக்கு முன்னாடி காதை ஒருமுறை பரிசோதிச்சுக்குங்க 🙂