நூற்றுக்கு நூறு வாங்கிய காவல்காரர்கள்

1997ஆம் ஆண்டு இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்குள் ஒரு சண்டை மூண்டது. பிரிட்டனின் டாக்டர் சாலமன்ஸ் மீது அமெரிக்காவின் மெக்காஃபி வைத்த குற்றச்சாட்டு வினோதமானது: அவர்களுடைய மென்பொருள் பரீட்சை மண்டபத்தை அடையாளம் கண்டுகொள்கிறதாம். ஒரே கணினியில் அடுத்தடுத்து வைரஸ்கள் அகப்பட்டால் அது வீடாக இருக்காது, சோதனைக்கூடமாகத்தான் இருக்கும். உடனே மென்பொருள் வழக்கத்தைவிடக் கூர்மையான தேடலுக்கு மாறி மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்கிறது என்பது புகார். தொற்று மிகுந்த கணினியைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதில் என்ன தவறு என்றும் கேட்கலாம். வழக்கு வளரவில்லை. மறு ஆண்டே, மெக்காஃபியைத் தன்னுள் கொண்டிருந்த நெட்வொர்க் அசோசியேட்ஸ் நிறுவனம் டாக்டர் சாலமன்ஸையே விலைக்கு வாங்கிவிட்டது. சம்பந்தி ஆனபின் சண்டை எதற்கு?

கணினி ஆலோசகன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்பார்கள். கேட்பவர் கையில் ஏதோ ஒரு சோதனை முடிவும் இருக்கும். இது 99.8, அது 99.3, எதற்குப் பணம் கட்டுவது? அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் பதில் சொல்வது எனக்குக் கடினம்.

லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் 1986இல் ஃப்ளாப்பி வட்டுகள் வழியாக உலகம் சுற்றியது. தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்த அப்பாவிக் காலம் அது. 1989இல் 'வைரஸ் புல்லட்டின்' என்ற இதழ் இங்கிலாந்தில் தொடங்கியது. அன்றைய விளம்பரங்கள் எண்ணிக்கைப் போட்டியாக இருந்தன: எங்களுக்கு இத்தனை ஆயிரம் வைரஸ்கள் தெரியும் என்று. அவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சியாளர்களின் சேமிப்பைத் தாண்டி வெளியே வராதவை. துறையில் அந்தச் சேமிப்புக்கு 'மிருகக்காட்சிசாலை' என்றே பெயர். கூண்டுப் புலியை எண்ணிக் காட்டி ஊர்க்காவலுக்குச் சம்பளம் கேட்டார்கள்.

1993இல் ஜோ வெல்ஸ் என்பவர் 'வைல்ட்லிஸ்ட்' பட்டியலைத் தொடங்கினார். உண்மையில் மக்களின் கணினிகளில் திரியும் வைரஸ்கள் மட்டுமே அதில் இடம்பெறும். 1998இல் வைரஸ் புல்லட்டின் அதை வைத்து விபி100 சான்றிதழை அமைத்தது. அன்றைய விதிப்படி, பட்டியலில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. நல்ல கோப்பு ஒன்றைக்கூட வைரஸ் என்று சொல்லக் கூடாது. இரண்டில் ஒன்று சறுக்கினாலும் தோல்வி. ஆகவே 'தோற்றது' என்ற செய்திக்குப் பின்னால் ஒரே ஒரு பொய் எச்சரிக்கை மட்டும் இருந்திருக்கலாம்.

பழைய பட்டியலை மனப்பாடம் செய்தவன் புதுக்கேள்விக்கு என்ன எழுதுவான்? 2006இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதைத்தான் கேட்டது. தெரிந்த வைரஸ்களை மாற்றி 5,500 புதிய வடிவங்களை உருவாக்கி மென்பொருள்களைச் சோதித்தது. நிறுவனங்கள் கொதித்தன: உலகில் வைரஸ் போதாதென்று நீங்களும் செய்வதா? அறம் பற்றிய அந்தக் கோபத்தில், முன்கூட்டிக் கிடைக்காத வினாத்தாள் மேல் இருந்த கோபமும் கலந்திருந்தது என்பது என் எண்ணம். சோதனை முறைகளுக்குப் பொது நெறிகள் வகுக்க 2008இல் ஆம்ட்ஸோ என்ற அமைப்பு உருவானது.

இன்று நம் உறவினர்கள் காட்டும் எண்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களிலிருந்து வருகின்றன. ஒன்று ஜெர்மனியின் மாக்டபர்க். ஏவி-டெஸ்ட் அங்கே இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண். 'பயன்பாடு' என்பதைத் திரை அழகாக, எளிதாக இருக்கிறது என்று புரிந்துகொள்பவர்கள் அதிகம். அது உண்மையில் பொய் எச்சரிக்கைகளின் கணக்கு. அதை அற்பமாக நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசியக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட, உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. வீட்டில் விளைவு வேறு விதம். நாய் காற்றுக்கெல்லாம் குரைத்தால் திருடன் வரும் நாளில் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், அங்கே ஏவி-கம்பேரட்டிவ்ஸ். சில நூறு தீய இணைய முகவரிகளையும் கோப்புகளையும், வீட்டில் ஒருவர் சொடுக்குவதைப் போலவே திறந்து பார்ப்பார்கள். 400 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தவறவிட்டால் 99.75, மூன்றைத் தவறவிட்டால் 99.25. அரை சதவீத வித்தியாசம் என்பது இரண்டே இரண்டு மாதிரிகள். முதுகலையில் படித்த புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு: 400இல் ஒன்றுகூடத் தப்பவில்லை என்றாலும், உண்மையான தவறு விகிதம் 400இல் 3 வரை, அதாவது 0.75 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. எனவே முதலிடம், நான்காமிடம் என்று வரிசை போடுவது வீண். தொடர்ந்து நான்கைந்து சோதனைகளில் ஒரு பெயர் மேல்தட்டிலேயே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 பட்டியலில் வந்தால் கண் முதலில் அங்கே போகிறது என்பது உண்மை; ஊர்ப்பாசத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

தேதியையும் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருள் 2012இல் மாக்டபர்க் சான்றிதழை இழந்தது. 2019இல் அதே இடத்தில் விண்டோஸ் டிஃபெண்டர் 18க்கு 18 வாங்கியது. முதல் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் ஆண்டுதோறும் வேறொன்றுக்குப் பணம் கட்டுபவர்களை எனக்குத் தெரியும். சோதித்த பொருளும் நம் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி. 2015இல் சீனாவின் சிஹூ 360 நிறுவனம், பிட்டிஃபெண்டர் இயந்திரம் இயங்கும் பதிப்புகளைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, தன் முக்கியச் சந்தைகளில் மக்களுக்கு அதை அணைத்து வைத்த பதிப்பைக் கொடுத்தது தெரியவந்தது. மூன்று சோதனை அமைப்புகளும் சேர்ந்து அவ்வாண்டு வழங்கிய விருதுகளைத் திரும்பப் பெற்றன.

ஆனால் நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது, யாரும் பார்க்காத ஒரு மஞ்சள் துண்டு. இன்ஸ்ப்ரூக் வரைபடங்களில் பச்சை என்றால் தடுத்தது, சிவப்பு என்றால் தப்பியது. மஞ்சள் என்றால் மென்பொருள் தானாக முடிவெடுக்காமல் 'அனுமதிக்கவா?' என்று பயனரைக் கேட்டது. அதற்குப் பாதி மதிப்பெண். பாதிப் பேர் சரியாகப் பதில் சொல்வார்கள் என்பது அதன் அடியிலுள்ள ஊகம். மிசிசாகாவில் தனியாக இருக்கும் என் சித்திக்கு எழுபத்து மூன்று வயது. ஆங்கிலத்தில் எந்தப் பெட்டி எழும்பினாலும் 'யெஸ்' அழுத்துவார். "நோ சொன்னா அடுத்ததுக்குப் போக மாட்டேங்குது தம்பி" என்பது அவர் அனுபவம். அவர் வீட்டில் அந்தப் பாதி, பூஜ்யம்தான். மஞ்சள் முழுவதையும் சிவப்பில் சேர்த்தே எண்ண வேண்டும்.

போன ஆண்டு 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று ஒருவன் தொலைபேசியில் அழைத்து, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொன்னபோதும் அவர் அதே 'யெஸ்'ஸில்தான் விரல் வைத்தார். அது எல்லோரும் பயன்படுத்தும் நேர்மையான மென்பொருள். அதைத் தடுக்காத ஆன்டிவைரஸை எந்தச் சோதனையும் குறை சொல்லாது. வங்கி எண் கேட்டதும் சித்திக்குச் சந்தேகம் தட்டியது, வைத்துவிட்டார்.

இப்போது அவர் கணினியில் விண்டோஸோடு வந்த டிஃபெண்டர் மட்டும் இருக்கிறது. அவர் நுழையும் கணக்குக்கு நிர்வாகி உரிமை கிடையாது. கணினியில் மாற்றம் செய்யும் எதை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கும். சித்தியே என்னை வைத்துக்கொள்ளச் சொன்ன கடவுச்சொல் அது. மாதம் இரண்டு முறையாவது அழைப்பார். பாதி நேரம் அச்சு இயந்திரத்துக்காக, மீதி நேரம் நான் சாப்பிட்டேனா என்று கேட்க.