பட்டமும் எழுத்துத் தேர்ச்சியும்: ஒரு விதியின் நியாயம் குறித்து

பட்டம் பெறப்போகும் மாணாக்கர் எந்தச் சாஸ்திரத்தைப் பயின்றவராயினும், தம் கருத்தைத் தெளிவாகவும் ஒழுங்காகவும் எழுத வல்லவர் என்பதைப் பட்டத்துக்கு முன் நிரூபித்தாக வேண்டும் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகள் பலவற்றில் வழங்கிவரும் விதி. அவற்றுள் மிக விரிந்த அளவில் அமலுக்கு வந்தது கலிபோர்னியா மாநிலச் சர்வகலாசாலையின் விதியாகும். அதன் அறங்காவலர் குழு 1976இல் இயற்றிய அத்தீர்மானம் இளங்கலைப் பட்டத்தோடு முதுகலைப் பட்டத்தையும் தழுவியது. தேர்ச்சியை எவ்விதம் அளப்பது என்பதை மட்டும் அந்தந்த வளாகத்தின் விருப்பத்துக்கு விட்டது. சில வளாகங்கள் கடிகாரத்தை முன்வைத்து எழுதவேண்டிய வியாசப் பரீட்சையை ஏற்படுத்தின; சில, மேல்வகுப்பில் தனியொரு பாடத்தை வகுத்தன; இரண்டில் எதையேனும் தேர்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தவையும் உண்டு. விதி நியாயமானது என்பதும், அதை நிறைவேற்றப் பலவிடங்களில் கையாளப்பட்ட பரீட்சை முறை, மாணாக்கரும் சர்வகலாசாலையும் சேர்ந்து சுமக்கவேண்டிய பொறுப்பை மாணாக்கர் தலையில் மட்டும் ஏற்றிவிடுவதால் நியாயமற்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இப்பொறுப்பைப் பிறர்மேல் சுமத்தும் வழக்கம் நெடுநாளையது. ஹார்வர்டு சர்வகலாசாலை 1874இல் தன் பிரவேசப் பரீட்சையில் ஆங்கில வியாசம் ஒன்றைச் சேர்த்தது. வந்த விடைகள் திருப்தியளிக்கவில்லை. 1892இல் அச்சர்வகலாசாலையின் மேற்பார்வைக் குழுவுக்காக அறிக்கை தயாரித்தவர்கள், மாணாக்கரின் பிழை மலிந்த எழுத்துக்களையே சான்றாக எடுத்துக்காட்டி, குற்றம் ஆயத்தப் பள்ளிகளுடையது என்று தீர்த்தனர். எழுதக் கற்பிப்பது கீழ்நிலை உபாத்தியாயரின் வேலை, சர்வகலாசாலையின் வேலை சோதிப்பதே என்ற அபிப்பிராயம் அன்று வேர்கொண்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1975 டிசம்பரில், நியூஸ்வீக் பத்திரிகை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுத வராமற்போனது ஏன் என்ற கேள்வியையே அட்டைக் கட்டுரையாக்கியபோதும் ஜனங்களின் ஆத்திரம் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களின்மீதே பாய்ந்தது. கலிபோர்னியாவின் தீர்மானம் பிறந்தது அதற்கு மறு ஆண்டில்.

பரீட்சையின் குறையை ஆராயப் புகுவோர் பால் டீடெரிக் என்பாரின் ஆராய்ச்சியைக் கடந்துசெல்ல இயலாது. பிரின்ஸ்டனில் உள்ள கல்விப் பரீட்சை நிலையத்தைச் சார்ந்த அவரும் அவருடைய சகாக்களும் 1961இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், கல்லூரி முதலாண்டு மாணாக்கர் எழுதிய 300 வியாசங்கள் 53 பேரிடம் கொடுக்கப்பட்டன. ஆங்கில ஆசிரியர், பிற துறை ஆசிரியர், பத்திரிகாசிரியர், வழக்கறிஞர், வர்த்தகர் எனப் பலதரத்தாரும் அவருள் இருந்தனர். எவ்வித வழிகாட்டலுமின்றி, தத்தம் ரசனையின்படி ஒன்பது தரங்களாக அவற்றைப் பிரிக்கும்படி அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு வியாசங்கள் ஏழுக்குக் குறையாத வெவ்வேறு தரங்களைப் பெற்றன. 101 வியாசங்கள் ஒன்பது தரங்களையும் பெற்றன. ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற வியாசம் ஒன்றுமில்லை. இவர்களில் எவரையும் அறிவிலி என்றோ சிரத்தையற்றவர் என்றோ ஒதுக்கிவிட முடியாது. மதிப்பீடுகளைப் பகுத்து நோக்கியபோது, ஒரு சாரார் கருத்தின் வளத்துக்கும், ஒரு சாரார் இலக்கணப் பிழையின்மைக்கும், பிறர் அமைப்புக்கோ சொல்லாட்சிக்கோ எழுதுவோரின் தனித்தன்மைக்கோ முதன்மை கொடுத்திருந்தமை புலனாயிற்று. ஒவ்வொருவரும் எழுத்தில் உண்மையாகவே உள்ள ஒரு குணத்தைத்தான் கண்டிருந்தனர்.

இவ்வேற்றுமையை ஒழிக்கும் உபாயம் விரைவிலேயே வகுக்கப்பட்டது. திருத்துவோரை ஓரிடத்தில் கூட்டி, மாதிரி வியாசங்களைக் காட்டி, இன்னது நான்கு, இன்னது ஐந்து என்று பழக்கி, ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் தனித்தனியே படித்துத் தலா ஓர் எண் இடச்செய்வது அவ்வுபாயம். இதனால் திருத்துவோரிடையே ஒருமைப்பாடு வளர்ந்தது. அது மெய்யான சாதனை, அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் திருத்துவோர் ஒருமித்தனர் என்பதனால் அவர்கள் ஒருமித்து அளந்தது எழுத்துத்திறனே என்று ஆகிவிடாது. முன்பின் யோசித்திராத ஒரு பொதுப்பொருளைப் பற்றி, நூலொன்றையும் புரட்டாமல், எழுதியதை மறுநாள் படித்துத் திருத்தும் வாய்ப்புமின்றி, ஒரு மணியிலோ இரண்டு மணியிலோ எழுதி முடிப்பது பரீட்சைக்கூடத்துக்கு வெளியே எந்தப் பட்டதாரியும் அரிதாகவே செய்யும் காரியம். பூச்சியியல் பயின்றவர் தம் ஆய்வுக்கூடக் குறிப்புகளிலிருந்து ஓர் அறிக்கையைச் சமைக்க வல்லவரா என்பதை அப்பரீட்சை கேட்பதேயில்லை.

நியூயார்க் நகரச் சர்வகலாசாலையின் வரலாறு இன்னும் ஆழமாகக் கவனிக்கத்தக்கது. நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய யாவருக்கும் இடமளிப்பது என்று அது 1970இல் கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரிப் படியேறாத குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அதன் சிட்டி கல்லூரியில் அவர்களுக்கு எழுதக் கற்பித்த மீனா ஷாக்னஸி அம்மையார், 1970 முதல் 1974 வரை அவர்கள் எழுதிய சுமார் 4,000 பிரவேச வியாசங்களை வரிவரியாக ஆராய்ந்து 1977இல் நூலாக்கினார். பிறர் அலட்சியம் என்றும் மந்தபுத்தி என்றும் தள்ளிய பிழைகளுக்குள் ஒரு நியாயம் இருப்பதை அவர் கண்டார். பேச்சில் காதுக்கு எட்டாமலே தேய்ந்துபோகும் இறந்தகால விகுதியை எழுத்தில் ஒரு மாணாக்கர் விட்டுவிடுகிறார். கற்றோர் நடையை எட்டிப்பிடிக்க முயலும் வேறொருவர், நெடிய வாக்கியம் ஒன்றைத் தொடங்கி, நடுவில் அதன் எழுவாயைத் தவறவிடுகிறார். பின்னவரின் பிழை, துணிந்து முன்னேறுபவருக்கே நேரும் பிழை. ஐம்பது நிமிஷப் பரீட்சை ஒன்றில் அதே மாணாக்கர் தமக்குப் பழகிய குறுவாக்கியங்களோடு நின்றுகொண்டால் பிழை குறையும், எண் உயரும். அவர் கற்றுக்கொண்டிருந்த காரியம் மட்டும் தடைப்பட்டுப்போகும். பரீட்சைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இதையே நான் வலிமை மிக்கதாகக் கருதுகிறேன்.

1978இல் அச்சர்வகலாசாலை எழுத்துப் பரீட்சையைப் புகுத்தியது. ஆறு எண் கொண்ட அளவில் இருவர் இடும் எண்களின் கூட்டுத்தொகை எட்டானால் தேர்ச்சி. அதன் கடுமை உச்சத்தை எட்டியது 1997இல். தென் பிராங்க்ஸ் பகுதியில், ஸ்பானிய மொழி பேசும் மக்களை முதன்மையாகக் கருதி 1968இல் நிறுவப்பட்ட, அச்சர்வகலாசாலையின் உறுப்பான ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி, அப்பரீட்சைக்கு ஈடாகத் தானே வகுத்த வேறொரு பரீட்சையை ஏற்று நடந்துவந்தது. பட்டமளிப்பு விழாவுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்த மே மாதத்தில், பொதுப் பரீட்சையில் தேறாதவருக்குப் பட்டமில்லை என்று அறங்காவலர் குழு தீர்மானித்தது. பாடங்கள் யாவற்றையும் முடித்து, விழாவுக்கு உறவினரை அழைத்துவிட்டிருந்த மாணாக்கர் நீதிமன்றத்தை நாடினர். கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1998இல் மேல்முறையீட்டு மன்றம், கல்வித் தரத்தை வரையறுப்பது சர்வகலாசாலைக்கு உரிய அதிகாரம் என்ற நோக்கில் அதனை மாற்றியது.

சட்டப்படி மேல்முறையீட்டு மன்றம் சொன்னதே சரியாக இருக்கலாம். எவர் பட்டத்துக்கு உரியர் என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கப் புகுந்தால் கல்வி சீர்குலையும். ஆனால் அதிகாரம் வேறு, தர்மம் வேறு. அம்மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டதும், கட்டணம் பெற்றதும், இன்ன வழியில் எழுதக் கற்றால் போதும் என்று வழிகாட்டியதும் அச்சர்வகலாசாலையின் ஓர் உறுப்பேயன்றோ? கடைசி வாரத்தில் வெளிப்பட்ட குறை எவருடையதாயினும், அதற்கான தண்டனை முழுவதும் மாணாக்கரைச் சேர்ந்தது. விதைநெல் கொடுக்காத ஜமீன்தார் களத்துமேட்டில் வந்து நின்று வாரம் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

எதிர்வாதத்தையும் உரிய கௌரவத்தோடு கேட்க வேண்டும். பாடங்களில் இடப்படும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. இரக்கத்தாலோ சோர்வாலோ ஆசிரியர் தேறாதவரையும் தேற்றிவிடுவார். ஊர்பேர் தெரியாத திருத்துனர் முன்னிலையில்தான் எல்லோரும் சமம் என்பர். இதில் உண்மை இருக்கிறது. இதனை முழுதும் ஏற்று, வேறு விடை கண்டது வாஷிங்டன் மாநிலச் சர்வகலாசாலை. படிப்பின் நடுக்காலத்தில், தாம் முன்பே பல பாடங்களுக்காக எழுதிய மூன்று கட்டுரைகளை மாணாக்கர் ஒரு கோப்பாகத் தொகுத்து அளிக்கிறார். அதனோடு நேரக்கட்டுப்பாட்டில் வியாசமும் எழுதுகிறார். தேர்ச்சியில் ஐயமற்றவை விரைவில் கழிகின்றன. குறையோ சிறப்போ மிகுந்து தோன்றுபவை முழுக்கோப்பாக மறுபடி கவனத்தோடு படிக்கப்படுகின்றன. அந்நியர் பார்வையும் இருக்கிறது, வகுப்பில் எழுதிய எழுத்தும் கணக்கில் சேர்கிறது. அதனினும் மேலாக, நடுக்காலத்தில் கண்ட குறையைத் தீர்க்க இன்னும் ஈராண்டு கையிருப்பில் இருக்கிறது.

ஹவாய் சர்வகலாசாலையின் மனோவா வளாகம் 1987இல் தொடங்கிய முறை வேறு. அங்கே தனிப் பரீட்சையில்லை. எழுத்தை மையமாகக் கொண்ட ஐந்து பாடங்களை ஒவ்வொருவரும் பயில வேண்டும். அப்பாடங்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. ஒவ்வொன்றிலும் குறைந்தது 4,000 சொற்கள் எழுதப்பட வேண்டும். வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கலாகாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2001 முதல் நான்கு பாடங்களை விதித்து, அவற்றுள் இரண்டு மாணாக்கரின் சொந்தத் துறையிலேயே அமைய வேண்டும் என்றது. பாலம் கட்டக் கற்பிக்கும் பேராசிரியரே அப்பாலத்தைப் பற்றிய அறிக்கையின் வாக்கியத்தையும் திருத்துகிறார். எழுத்து ஆங்கிலத் துறையின் தனிச்சொத்து என்ற பழைய பிரமை அங்கே தளர்கிறது. கலிபோர்னியாவிலும், பெருந்தொற்றுக் காலத்தில் பரீட்சைக்கூடங்கள் மூடியபின், பாடங்களின் வழியே விதியை நிறைவேற்றும் போக்கு வலுப்பெற்றிருக்கிறது.

இந்த வழிக்கு விலை உண்டு. இருபது பேர் ஆளுக்கு 4,000 சொற்கள் எழுதினால் ஒரு வகுப்பில் 80,000 சொற்கள். முதல் வரைவைப் படித்துக் குறிப்பெழுதி, திருத்திய வரைவையும் படிக்க வேண்டுமானால் அதன் இருமடங்கு. ஒரே பருவத்தில் நான்கு வகுப்புகளை ஏற்கும் ஆசிரியர் இதனை மனச்சாட்சியோடு செய்ய முடியாது. பரீட்சை பிழைத்திருப்பதன் காரணம் அதன் நுட்பமன்று, அதன் மலிவே. ஆதலால் எழுத்துத் தேர்ச்சியின்றிப் பட்டமில்லை என்று தீர்மானம் இயற்றும் எந்த அறங்காவலர் குழுவும், அந்தத் தீர்மானத்திலேயே வகுப்பின் மாணாக்கர் தொகைக்கு உச்சவரம்பையும், எழுத்துப் பாடம் ஏற்கும் ஆசிரியருக்கு மற்ற வகுப்புகளிலிருந்து கழிக்கப்படும் நேரத்தையும், அதற்கான நிதி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அவை எழுதப்படாத தீர்மானத்தைக் காட்டி ஒரு மாணாக்கரின் பட்டத்தையும் நிறுத்திவைக்கலாகாது.