யானைக் கடல்நாயின் தோலுரிப்பு: ஒரு பெயரின் பிழை

வடக்கு யானைக் கடல்நாய் ஆண்டுக்கொரு முறை மயிரை மட்டுமன்றி, அது ஊன்றியிருக்கும் மேல்தோலையும் சேர்த்தே கழிக்கிறது. விலங்கியலார் இதற்குப் 'பேரழிவுத் தோலுரிப்பு' என்று பெயரிட்டார்கள். அந்த ஆரவாரப் பெயர் நம் கண்ணைக் கழிந்த தோலின் மேலேயே நிறுத்திவிடுகிறது. இவ்விலங்கு ஏறத்தாழ ஒரு மாதம் கரையில் பட்டினி கிடப்பது பழையதைக் கழிக்கவா, புதியதை வளர்க்கவா? வளர்க்கவே என்பது என் துணிபு.

கலிபோர்னியாவின் ஆன்யோ நுயேவோ கரைக்கு ஏப்ரல், மே மாதங்களில் பெண் விலங்குகளும் இளையவையும் வருகின்றன. முதிர்ந்த ஆண்களின் முறை ஜூலை, ஆகஸ்டில். புதிதாகப் பார்ப்பவர் சொறி பிடித்தவை என்றே நினைப்பார். மணலில் கிடக்கும் தோல் துண்டின் ஒருபுறம் வெளிறிய பழுப்பு மயிர். புரட்டினால் மயிரின் அடிநுனிகள் குத்திட்டு நிற்கும். பாம்புச் சட்டை நினைவுக்கு வரும்தான். ஆனால் பாம்பு சட்டையை உரித்த கையோடு ஊர்ந்து போய்விடுகிறது. யானைக் கடல்நாயோ அசையாமல் கிடக்கிறது, உடல் எடையில் கால் பங்கை இழக்கும் வரை.

காரணம் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. குளிர்ந்த கடலில் தோலுக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்க, தோலின் வெப்பநிலை நீரின் அளவை ஒட்டி இறங்கிவிடுகிறது. உடற்சூட்டைக் காப்பது அடியிலுள்ள கொழுப்புப் படலமே. கடல்நாய்களின் தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த ஃபெல்ட்ஸ், ஃபே இருவரும் 1966இல் காட்டியது இது: அவ்வுயிரணுக்கள் குளிரைத் தாங்கும், ஆனால் பெருக வேண்டுமானால் சுமார் 17 பாகை செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும். அந்தச் சூட்டைக் கடலில் இருந்துகொண்டு தோலுக்கு அனுப்பினால் கொழுப்பைத் தாண்டி நீரோடு போய்விடும். ஆகவே கரை.

மற்றோர் இனமான துறைமுகக் கடல்நாய் மயிர் மயிராகத்தானே உதிர்க்கிறது, இடையிடையே கடலுக்கும் போய்வருகிறதே என்று மறுக்கலாம். ஆனால் அதுவும் அந்த வாரங்களில் கரையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. மக்வாரி தீவின் தெற்கு யானைக் கடல்நாய்களோ சேற்றுக் குழிகளில் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. உரிப்பது மட்டுமே நோக்கமானால் பாறையில் உராய்ந்தாலே போதுமே. ஒட்டிக் கிடந்து சூட்டைக் காக்க வேண்டிய தேவை என்ன? தோல் மொத்தமாகக் கழிவதற்கு என் ஊகம் வேறு: வடக்கு யானைக் கடல்நாய் இரை தேடும் இடம் வட பசிபிக்கில் வெகுதொலைவு, நாளும் போய்வர இயலாது, எனவே வேலை ஒரே மூச்சில் முடிகிறது.

கழிந்த தோல் வெறும் குப்பை என்று சொல்ல வரவில்லை. மீனிலும் கணவாயிலுமிருந்து உடலில் ஏறிய பாதரசம் மயிரில் தங்குகிறது. உதிர்ந்த தோல் சிதைந்து அலையோடு கலக்கிறது. 2015இல் வெளியான ஆய்வொன்று, தோலுரிப்புக் காலத்தில் ஆன்யோ நுயேவோவின் கடல்நீரில் மெத்தில் பாதரசம் பிற கரையோர இடங்களைவிட 17 மடங்கு வரை இருந்ததாக அளந்திருக்கிறது.