மனச்சான்று விதியும் பள்ளி வழிபாடும்: சென்னை மாகாணம், யாழ்ப்பாணம் முதல் அரசமைப்புப் பிரிவு 28(3) வரை

ஆய்வுச் சுருக்கம்

சமய நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் அச்சமயத்தை ஏற்காத மாணவர் வழிபாட்டில் பங்கேற்குமாறு கட்டாயப்படுத்தப்படலாமா என்ற வினா, தமிழ் வழங்கும் நிலப்பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூர்மையாக எழுந்தது. அதற்கு முன்வைக்கப்பட்ட மாற்றுப் பள்ளி, விலகும் உரிமை, இசைவு ஆகிய மூன்று விடைகளை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் ஒப்பிடுகிறது. முதல் விடை சமூகத்தைக் காத்தது. இரண்டாவது பெற்றோரைக் காத்தது. மூன்றாவதே கட்டாயப்படுத்தும் அதிகாரத்தைப் பள்ளியிடமிருந்து விலக்கியது. எனினும் நம்பிக்கையற்ற மாணவரின் சொந்த மனச்சான்று இன்னும் முழுமையாக இடம்பெறவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மனச்சான்று விதி, மிஷன் கல்வி, மானிய உதவி, ஆறுமுக நாவலர், ஹண்டர் குழு, பிரிவு 28(3)

முன்னுரை

மிஷன் பள்ளிகள் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் மதமாற்றத்தை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. மதம் மாறியோர் எவர், எதிர்த்தோர் எவர், எதிர்ப்பின் விளைவு யாது என்பனவே அவற்றின் வினாக்கள். ஆனால் அப்பள்ளிகளில் பயின்றோருள் பெரும்பாலோர் மதம் மாறாதவர்களே. நாள்தோறும் விவிலிய வகுப்பில் அமர்ந்து, வழிபாட்டில் நின்று, மாலையில் தம் வீட்டுச் சமயத்திற்குத் திரும்பிய இம்மாணவர்களின் நிலையை விளக்க மதமாற்றம் என்ற கருத்தாக்கம் போதாது. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் செய்யவேண்டிய கட்டாயம் என்ற கோணத்தில் அணுகும்போதே அந்நிலை புலப்படும்.

இங்கு மூன்று செயல்களைப் பிரித்துணர்தல் வேண்டும். ஒரு சமயத்தைப் பற்றிக் கற்றல் ஒன்று. அச்சமயத்தின் உண்மையை ஏற்பிக்கும் போதனைக்கு உட்படல் மற்றொன்று. வழிபாட்டில் பங்கேற்றல் இன்னொன்று. முதலாவது அறிவு சார்ந்தது. மூன்றாவதோ சொல்லாலும் உடலாலும் ஒரு நம்பிக்கையை அறிக்கையிடும் செயல். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் நடந்த விவாதங்களே மிகுதி.

யாழ்ப்பாணம்: மாற்றுப் பள்ளி என்னும் விடை

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. உணவும் உறைவிடமும் அளித்து உயர்கல்வி புகட்டிய அவ்வமைப்பில் கல்வியும் சமய ஒழுங்கும் பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தன. மாணவர்க்கு அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டதும் இப்பிணைப்பின் ஒரு கூறாகும். சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகியோர் அங்குப் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கியவர்கள். இருவரும் பிற்காலத்தில் சைவ சமயத்தையே தழுவினர். சமய ஒழுங்கிற்குப் பழகுவது நம்பிக்கைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இவர்கள் வாழ்வு சான்று. செமினரி 1855இல் மூடப்பட்டபோது, உயர்ந்த ஆங்கிலக் கல்வி திருச்சபையின் நோக்கத்திற்குப் போதிய பயன் தரவில்லை என்ற மதிப்பீடும் காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

ஆறுமுக நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பார்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்; 1864இல் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒரு பள்ளி எழுந்தது. பாலபாடம், சைவவினாவிடை போன்ற நூல்கள் இப்பணியின் விளைவுகள். மிஷன் பள்ளிகள் தம் ஒழுங்கைத் தளர்த்தவேண்டும் என்று கோருவதினும், சைவப் பிள்ளைகட்குச் சைவப் பள்ளி அமைப்பதே அவர் மேற்கொண்ட வழி. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவானதும் இவ்வழியின் தொடர்ச்சியே.

இவ்விடையின் வலிமை வெளிப்படை. கல்விக்காகச் சமயத்தை விலையாகக் கொடுக்கவேண்டிய நிலையிலிருந்து ஒரு சமூகத்தை அது மீட்டது. அதன் எல்லையும் கவனத்திற்குரியது. மாற்றுப் பள்ளி, ஒரு சமயத்தின் கட்டாயத்திற்கு எதிராக வேறொரு சமயத்தின் ஒழுங்கை நிறுவுகிறது. அப்பள்ளியில் பயிலும் பிற சமய மாணவர்க்கோ, எச்சமயத்தையும் ஏற்காத மாணவர்க்கோ முன்னைய சிக்கல் அவ்வாறே நீடிக்கும். சமூகத்தின் உரிமை காக்கப்பட்டது. தனிமனிதரின் உரிமை பேசப்படவில்லை.

சென்னை: மானியமும் மனச்சான்றும்

சென்னையில் ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில், 1841இல் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றதும் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். 1846இல் ஆளுநர் டுவீடேல் அரசுப் பள்ளியிலும் விவிலிய வகுப்பு வேண்டுமெனப் பரிந்துரைத்தபோது, சென்னை இந்துக்கள் கூட்டம் கூட்டிக் கம்பெனியின் இயக்குநர் அவைக்கு விண்ணப்பித்தனர். காஜுலு லட்சுமிநரசு செட்டியார் இவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றார். இயக்குநர் அவை அப்பரிந்துரையை ஏற்கவில்லை. அரசுப் பள்ளி சமயப் போதனைக்கு அப்பாற்பட்டது என்ற நெறி இவ்வாறு உறுதிப்பட்டது.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை இந்நெறியை ஏற்றதோடு, தனியார் பள்ளிகட்கு மானியம் வழங்கும் முறையையும் வகுத்தது. மானியம் பெறும் பள்ளியின் சமயப் போதனையில் அரசு தலையிடாது என்பது அதன் அடிப்படை. நடுநிலை என்ற பெயரில் அமைந்த இவ்விதி இருமுனை கொண்டது. எல்லாச் சமயத்தாரின் பள்ளிகட்கும் மானியம் கிட்ட அது வழிவகுத்தது. அதேவேளை, பொதுப்பணம் பெறும் பள்ளிக்குள் மாணவர்மீது செலுத்தப்படும் சமயக் கட்டாயத்தை அரசின் பார்வைக்கு அப்பால் வைத்தது.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் வேறு வழியில் சென்றது. மானியம் பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமய வழிபாடும் போதனையும் பள்ளி வேளையின் தொடக்கத்திலோ இறுதியிலோ மட்டுமே நிகழலாம். பெற்றோர் விரும்பினால், பிற பாடங்களின் பயனை இழக்காமல் பிள்ளையை அவற்றிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என அதன் 7ஆம் பிரிவு விதித்தது. இதுவே மனச்சான்று விதி. ஆளும் நாட்டுக் குடிமக்கட்கு அளிக்கப்பட்ட இப்பாதுகாப்பு ஆளப்பட்ட நாட்டு மாணவர்க்கு ஏன் இல்லை என்ற வினா இதன்பின் தவிர்க்கவியலாததாயிற்று.

மிஷன் தரப்பின் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. பள்ளியின் சமய இயல்பு எவர்க்கும் மறைக்கப்படவில்லை. பெற்றோர் அதனை அறிந்தே பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். மானியம் உலகியற் கல்விக்கே தரப்படுகிறது. ஆகவே கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவ்வாதத்தின் சாரம். இதன் உயிர்நிலை ‘தேர்வு’ என்ற ஒரு சொல்லில் உள்ளது. ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என 1844இல் ஹார்டிஞ்ச் அறிவித்தபின், அக்கல்வியே வாழ்க்கை உயர்வின் வாயிலாயிற்று. ஊரில் ஒரே ஓர் ஆங்கிலப் பள்ளி இருந்து, அதுவும் மிஷன் பள்ளியாக இருந்தால், தேர்வு என்பது பெயரளவினதே.

1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு இவ்வுண்மையை ஏற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். ஓர் ஊரில் ஒரு நிலையில் உள்ள ஒரே பள்ளி சமயப் போதனையை வழக்கமான பாடத்திட்டத்தில் கொண்டிருந்தால், பெற்றோர் தம் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அதனால் பள்ளியின் பிற பயன்களை அவர்கள் இழத்தலாகாது என அது பரிந்துரைத்தது. மாற்று வழி இல்லாத இடத்தில் தேர்வு என்ற வாதம் செல்லாது என்பதே இதன் உட்பொருள். வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1910களில் மனச்சான்று விதிக்காக வாதிட்டபோது, மாற்றுப் பள்ளி உண்டா இல்லையா என்ற எல்லையைக் கடந்து, மானியம் பெறும் பள்ளிகளின் பொதுக்கடமையாக அக்கோரிக்கை விரிந்தது.

அரசமைப்புச் சட்டம்: இசைவு என்னும் விடை

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் பிரிவு 28(3) இந்நூற்றாண்டுக்கால விவாதத்தின் விளைபயன் எனலாம். அரசின் ஏற்பையோ நிதியுதவியையோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரும், தம் இசைவின்றி, அங்கு அளிக்கப்படும் சமயப் போதனையில் பங்குகொள்ளுமாறோ, அங்கு நிகழும் வழிபாட்டிற்கு வருமாறோ கோரப்படலாகாது; மாணவர் உரிய வயதை எய்தாதவராயின் அவர்தம் காப்பாளரின் இசைவு வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விதி மனச்சான்று விதியிலிருந்து இரு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, சுமையின் இடமாற்றம். 1870, 1882 ஆகியவற்றின் விதிகளில் கட்டாயமே இயல்புநிலை. விலக விரும்புவோர் முன்வந்து கேட்கவேண்டும். பிரிவு 28(3)இல் கட்டாயமின்மையே இயல்புநிலை. இசைவைப் பெறும் பொறுப்பு பள்ளியைச் சாரும். தனித்து நிற்கும் துணிவில்லாத எளிய குடும்பத்தார்க்கு இவ்வேறுபாடு பெரிது. இரண்டாவது, எல்லையின் விரிவு. மானியம் பெறாது அரசின் ஏற்பை மட்டும் பெற்ற நிறுவனமும் இதற்கு உட்படும். ‘எம் பணம், எம் ஒழுங்கு’ என்ற பழைய வாதம் இங்கு வலுவிழக்கிறது. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைப் பிரிவு 30 அளிக்கிறது. அவ்வுரிமைக்கும் இவ்விதிக்கும் முரணில்லை. வழிபாடு நடத்துவது நிறுவனத்தின் உரிமை. வழிபடுவது மாணவரின் விருப்பம்.

சமயத்தைக் கற்றலும் சமயப் போதனையும் வேறென்பதை உச்ச நீதிமன்றம் 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், 2002இல் அருணா ராய் வழக்கிலும் தெளிவுபடுத்தியது. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கு நாட்டுப்பண் பற்றியதேயாயினும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மரியாதையுடன் எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் செயலை மதித்தல் வேறு, அதனைத் தாமும் செய்தல் வேறு என்ற பகுப்பு அத்தீர்ப்பில் உறுதிப்படுகிறது.

எஞ்சும் சிக்கல்கள்

பிரிவு 28(3) இரண்டு இடங்களில் நிறைவுறாதிருக்கிறது. ஒன்று, நடைமுறை. காலை வணக்கக் கூட்டத்திலேயே வருகைப் பதிவும் பள்ளி அறிவிப்புகளும் வழிபாடும் ஒன்றாக நிகழுமாயின், வழிபாட்டை மட்டும் தவிர்க்க மாணவரால் இயலாது. வழிபாட்டிற்குத் தனி வேளை வகுத்த 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் நுட்பம் இங்குப் பயன்படக்கூடியது. சேர்க்கைப் படிவத்தின் பல வரிகளுள் ஒன்றாகப் பெறப்படும் கையொப்பமும் உண்மையான இசைவு ஆகாது. இடம் கிடைக்காதோ என்ற அச்சத்தில் இடப்படும் கையொப்பத்தில் ஹண்டர் குழு கண்ட அதே பெயரளவுத் தேர்வே தொடர்கிறது.

மற்றொன்று, மாணவரின் சொந்தக் குரல். சமயம் பேணும் பெற்றோர்க்குப் பிறந்து, தம் சிந்தனையால் நம்பிக்கையற்றவராகும் பதினாறு வயது மாணவருக்குக் காப்பாளரின் இசைவே தடையாகிறது. பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கேற்பவே பெற்றோர் வழிகாட்டல் அமையவேண்டும் என்பது, 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவின் நோக்கு. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளி மேல்வகுப்பு மாணவர் தாமாகவே கூட்டு வழிபாட்டிலிருந்து விலகும் உரிமை பெற்றனர். இத்தகைய படிநிலை உரிமை இந்தியச் சூழலிலும் எண்ணத்தக்கது.

முடிவுரை

சமயப் பள்ளி தன் வழிபாட்டைக் கைவிடவேண்டும் என்பது இவ்வரலாறு தரும் முடிபன்று. கிறித்தவ, சைவப் பள்ளிகள் தமிழர் கல்விக்கு ஆற்றிய பணி அவற்றின் சமய ஊக்கத்திலிருந்தே பிறந்தது. ஆயினும் அவ்வூக்கம் கட்டாயமாக உருமாறிய இடங்களில் நம்பிக்கை விளையவில்லை. நடிப்போ எதிர்ப்போதான் விளைந்தது. வட்டுக்கோட்டை மாணவர் பின்னாளில் சைவம் தழுவியதும், சென்னைப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதும் இதனையே உணர்த்துகின்றன. கட்டாயத்தைத் தவிர்ப்பது நம்பிக்கையற்ற மாணவரின் உரிமையைக் காப்பதோடு, வழிபாட்டின் உண்மைத்தன்மையையும் காக்கிறது. மிஷன், சைவப் பள்ளிகளின் நாள் ஒழுங்கு ஏடுகளும் சேர்க்கைப் பதிவேடுகளும் இக்கோணத்தில் ஆராயப்படின், மதம் மாறாத பெரும்பான்மை மாணவரின் வரலாறு துலக்கம் பெறும்.