எரியும் நகரும் சிரிக்கும் வாசகரும்: ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலின் முதற்பகுதி குறித்து

டெர்ரி பிராட்செட்டின் ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ (1983) வாசகரை இரண்டுபட்ட மனத்தோடு விட்டுவிடுகிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது. இந்நாவல் முதிராத படைப்பு. லைபர், லவ்கிராஃப்ட், மெக்காஃப்ரி ஆகிய மிகுபுனைவு எழுத்தாளர்களைப் பகடி செய்யும் துணுக்குகளின் கோவை. ‘மார்ட்’ (1987) தொடங்கித்தான் ஆசிரியர் தம் குரலைக் கண்டடைந்தார் என்பது நெடுநாளாக வழங்கிவரும் வாதம். அதன்படி வாசகரின் தயக்கம் ஆசிரியரின் கைத்திறக் குறையால் விளைந்தது. முதற்பகுதியைப் பொறுத்தவரையேனும் அது கதை சொல்லும் முறையிலிருந்தே பிறக்கிறது என்பது என் துணிபு.

ஆமை சுமக்கும் உலகைக் காட்டும் முன்னுரை முடிந்ததும் நாம் காண்பது பற்றியெரியும் அங்க்-மார்போர்க் நகரம். பிராவ்ட், வீசல் என்னும் இருவர் வெளியே நின்று அதை ஆர்வத்தோடு வேடிக்கை பார்க்கிறார்கள். தப்பிவரும் மந்திரவாதி ரின்ஸ்விண்ட் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். தீயின் காரணம் அந்தப் பின்கதையில்தான் தெரிகிறது. டூஃப்ளவர் என்ற சுற்றுலாப் பயணி மதுக்கடைக்காரர் பிராட்மனுக்குத் தீக்காப்பீடு விற்கிறான். நிற்கும் கடையைவிட எரிந்த கடைக்கு விலை அதிகம் என்று கணக்குப் போடும் பிராட்மன், நிலவறையில் எண்ணெயோடு காரியத்தில் இறங்குகிறார்.

கால வரிசையில் சொல்லியிருந்தால் இது பேராசையைப் பற்றிய நல்ல நகைச்சுவை, அவ்வளவே. விளைவை முதலில் காட்டிவிட்டதால், கடைக்காரரின் கணக்குக்கு நாம் சிரிக்கும்போதே நகரம் போய்விட்டது என்பது நமக்குத் தெரியும். வணிகத்தின் நுழைவை எள்ளும் பொருளாதார அங்கதமாக இப்பகுதியை வாசிப்பதில் பிழையில்லை. ஆனால் வேடிக்கை பார்ப்போரை முதலில் நிறுத்தியது ஏன் என்பதற்கு அவ்வாசிப்பில் விடையில்லை. அவ்விருவரும் லைபரின் நாயகர்களுடைய சாயல், முன்னோடிக்கு ஒரு வணக்கம் என்பார்கள். வணக்கம் செலுத்த வேறு இடமா கிடைக்கவில்லை? பேரழிவைக் காட்சியாக்கிக்கொள்ளும் அவர்களது நிலையும், மதுக்கடைச் சண்டையை நேரில் காண ஆசைப்பட்டுப் படப்பெட்டியோடு அலையும் டூஃப்ளவரின் நிலையும், நம் நிலையும் ஒன்றே. அஞ்சுபவன் ரின்ஸ்விண்ட் ஒருவன்தான். நிலைமையைச் சரியாக மதிப்பிடுபவனும் அவனே. அவனுடைய கோழைத்தனத்துக்குத்தான் நாவல் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சட்டகப்படி கதை சொல்பவன் ரின்ஸ்விண்ட். ஆனால் நிலவறையில் நடந்ததை அவன் பார்க்கவில்லை. ஆசிரியர் சட்டகத்தை மறந்துவிட்டார் எனலாம். அந்தச் சாத்தியத்தை முற்றாக விலக்க என்னால் இயலாது. எனினும் மறதி இவ்வளவு பொருத்தமான இடத்தில் நேர்வது அரிது. தீ வைக்கும் முயற்சிக்குக் கதைக்குள் மனித சாட்சி எவருமில்லை, வாசகர் மட்டுமே உடனிருக்கிறார். சிரித்துக்கொண்டே சாட்சியானவருக்கு மனம் இரண்டுபடுவதில் வியப்பென்ன?

ஒரு பகடிக்கு இத்தனை கனம் தேவையா என்ற ஆட்சேபம் பகடியை எளிதென்று எண்ணுபவர்களுடையது. அதற்கு இங்கே இடம் ஒதுக்கப்போவதில்லை. வேறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: என் வாசிப்பு நாவல் முழுமைக்கும் செல்லாது. வர்ம்பெர்க் டிராகன் பகுதி மூலத்தை நம்பியே நிற்கிறது. மெக்காஃப்ரியை அறியாதவருக்கு அங்கே எஞ்சுவது கொஞ்சம்தான். பழைய தீர்ப்பு அங்கே செல்லும். ரின்ஸ்விண்ட் உலகின் விளிம்பிலிருந்து விழுவதோடு நூல் நிற்பதும் பலருக்குக் குறையாகவே படும். தொடர்ச்சி 1986இல்தான் வந்தது.

முதற்பகுதி பற்றிய என் கருத்துக்குத் துணையாக ‘இன்ட்ரஸ்டிங் டைம்ஸ்’ (1994) நாவலைக் காட்டலாம். பிற்கால நூலைக்கொண்டு முன்னதன் நோக்கத்தை நிறுவ முடியாது என்பது உண்மையே. ஆசிரியர் எதை முடியாத கணக்காகக் கருதினார் என்பதையாவது அது சொல்லும். டூஃப்ளவர் எழுதிய அப்பாவித்தனமான பயணக் குறிப்பு, அவனது தாய்நாட்டில் ஆட்சிக்கெதிரான நூலாகக் கைமாறுகிறது. அவன் மனைவி படைவீரர்களால் கொல்லப்பட்டிருக்கிறாள். எதையும் வேடிக்கையாகவே பார்த்துவந்த அந்த மனிதன், இம்முறை அந்நாட்டுப் பிரபுவான லார்ட் ஹாங்கை நேருக்கு நேர் சண்டைக்கு அழைக்கிறான்.