டான்யூப் மிதிவண்டித் தடம்

டான்யூப் ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டிச் சுற்றுலாப் பாதை. ஜெர்மனியின் பாசாவ் நகருக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடைப்பட்ட சுமார் 320 கி.மீ. பகுதியே மிகவும் புகழ்பெற்றது. அட்லாண்டிக் கரையையும் கருங்கடலையும் இணைக்கும் யூரோவெலோ 6 தடத்தின் ஓர் அங்கம் இது.

பாதையின் பெரும்பகுதி பழைய இழுவைத் தடம். நீராவிக் கப்பல்கள் வருமுன், சரக்குப் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்தபடியே கயிற்றால் நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தன. அத்தொழில் மறைந்தபின் கைவிடப்பட்ட தடங்கள் 1980களில் மிதிவண்டிப் பாதைகளாயின. ஆற்றோடு ஒட்டிய வழி என்பதால் மேடு அரிது. சிறுவர்களும் முதியவர்களும்கூட எளிதில் ஓட்டலாம். பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்காகவே செல்கின்றனர். ஆறு இறங்கும் திசை அது, காற்றும் பெரும்பாலும் முதுகுப்பக்கம்தான்.

ஷ்லோகன் என்ற ஊரருகே கடினப் பாறை குறுக்கிட, ஆறு ஏறத்தாழ வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே வடகரையில் சாலையே கிடையாது. அதனால் சிறு படகு ஒன்று மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்கிறது. இப்ஸ்-பெர்சன்பாய்க் போன்ற நீர்மின் அணைகளின் மேலேறியும் கரை மாறலாம்.

மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாஹவ் பள்ளத்தாக்கு, 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆப்ரிகாட் பழத்துக்கும் பெயர்பெற்ற இப்பகுதியில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சிறைவைக்கப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன.

தடம் முழுவதும் மோட்டார் வண்டிகள் அற்றதன்று. ஊர்களுக்குள் சில இடங்களில் பொதுச் சாலையோடு கலக்கிறது.